தட்டுக்கு வெளியே நிற்பவள்

ஆற்றல் தரும் உணவு, வளர்ச்சி தரும் உணவு, பாதுகாப்பு தரும் உணவு. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியைத் தாண்டி வந்த பெரும்பாலோருக்கு இந்த மூன்று தலைப்புகளும் மறந்திருக்காது. அரிசியும் கிழங்கும் எண்ணெயும் வெல்லமும் முதல் கட்டத்தில். பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி இரண்டாவதில். கீரை, காய், பழம் மூன்றாவதில். தேர்வில் ‘பொருத்துக’ பகுதியில் ஒன்றிரண்டு மதிப்பெண் நிச்சயம். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துப் படித்த பிள்ளை மாலையில் வீட்டுக்கு ஓடி, “தினமும் ஒரு பழம் சாப்பிடணுமாம், டீச்சர் சொன்னாங்க” என்கிறது. யாரிடம் சொல்கிறது? அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம். அந்தப் பாடத்தின் உண்மையான மாணவி அவள்தான். பிள்ளை தபால்காரர்.

இந்தக் கட்டங்களை முதலில் போட்டவர்கள் யார், அவை எப்படி நம் ஊர்ச் சுவருக்கு வந்து சேர்ந்தன என்று தேடிப் போனால் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. இந்த அறிவை உண்டாக்கியதில் பெண்களின் பங்கு மிகப் பெரியது. அதைத் தினமும் ஆக்கிப் போடுகிறவர்களும் பெண்கள்தான். பிள்ளை மெலிந்தால் ‘தாயின் அறியாமை’ என்று பழி வந்து விழுவதும் பெண்ணின் தலையில்தான்.

1916இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, சிறு குழந்தைகளின் உணவு குறித்து ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. எழுதியவர் கேரலைன் ஹன்ட். உணவுப் பொருள்களை அவர் ஐந்தாகப் பிரித்தார்: பாலும் இறைச்சியும், தானியங்கள், காய்கனிகள், கொழுப்பு, சர்க்கரைப் பண்டங்கள். சர்க்கரைக்குத் தனி வகுப்பா என்று இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். வைட்டமின்களைப் பற்றிய அறிவு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. ஹன்ட் 1890களில் சிகாகோவின் ஹல் ஹவுஸில் ஜேன் ஆடம்ஸோடு சேர்ந்து, குடியேறிய ஏழைக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தவர். பின்பு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மனையியல் துறையின் முதல் பேராசிரியர். அவருக்கு முன்னோடி எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். 1873இல் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் பெண். வேதியியல் கற்ற பெண்ணை ஆய்வகம் வாசலிலேயே நிறுத்திய காலத்தில் குடிநீர், உணவு, வீட்டுச் சுகாதாரம் என்ற பின்வாசல் வழியாக அறிவியலுக்குள் நுழைந்தவர். மனையியல் என்ற துறையே அந்தப் பின்வாசலில் பிறந்ததுதான். அது படித்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஒரு வேலையைத் தந்தது. படிக்காத பெண்ணுக்கு ஒரு மேற்பார்வையாளரைத் தந்தது.

1890இல் ரிச்சர்ட்ஸ் பாஸ்டனில் தொடங்கிய மலிவுவிலைச் சமையலறை சத்தான சூப்பும் கஞ்சியும் விற்றது. குடியேறிய தொழிலாளர்கள் அதை அவ்வளவாக நாடவில்லை. ஏழைக்கும் நாக்கு உண்டு என்பது ஊட்டச்சத்து நிபுணர்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. ஹன்ட்டின் ஐந்து வகுப்புகள் பின்பு 1943இல் ஏழாகி, 1956இல் நான்காகி, 1992இல் பிரமிடாகி, 2011இல் தட்டாயின. அந்த மாற்றங்களில் அறிவியலோடு பால், இறைச்சி வணிகர்களின் விருப்பமும் கலந்தே இருந்தது.

நம் பக்கத்துக் கதை குன்னூரில் தொடங்குகிறது. 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வகம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசனின் எலிச் சோதனை மிகவும் பேசப்பட்ட ஒன்று. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுத்தன. ‘மதராசி’ உணவு தின்றவை வரிசையின் கடைசியில் நின்றன. எந்த மதராசி? தஞ்சாவூர் மிராசுதாரும் அவர் வயலில் நாற்று நட்டவளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்களா? பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஏற்ற இனம், ஏற்காத இனம் என்று பிரித்துப் பார்த்த ஆட்சிக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. எலிகளுக்கோ சாதி இல்லை, வீட்டு முறையும் இல்லை. கூண்டில் வைத்ததை ஆண் எலி தின்று முடிக்கட்டும் என்று பெண் எலி காத்திருக்கவில்லை.

இதே மெக்கரிசன் 1928இல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சாரண இயக்கத்தினருக்கும் தாய்சேய் நல மையங்களுக்குமாக உணவு பற்றி ஒரு பாலபாட நூல் எழுதினார். அவருக்குப் பின் 1935இல் குன்னூருக்கு வந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை எல்லாம் எண்களாக மாறியது அதில்தான். ‘சரிவிகித உணவு’ என்று நாம் இன்று பாடம் நடத்தும் கருத்துக்கு இந்திய எண்கள் கிடைத்தது அங்கிருந்துதான். அய்க்ராய்டிடம் ஒரு நேர்மை இருந்தது. நல்ல உணவு ஏழையின் கூலிக்கு எட்டாது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர் போட்ட அட்டவணை பள்ளிச் சுவருக்கு வந்தபோது அந்தக் கூலி பற்றிய பேச்சு கூட வரவில்லை.

குன்னூர் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அரிசியைப் பற்றியது. பச்சரிசியை ஆலையில் நன்றாகத் தீட்டினால் தவிடோடு தயமின் போய்விடுகிறது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி தலைவிரித்தாடியது அதனால்தான். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் உமியை ஒட்டியுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கல் அரிசி தின்ற ஊர்களை அந்த நோய் பெரிதாகத் தீண்டவில்லை. ஆய்வாளர் கண்டுபிடித்து எழுதியதை, அண்டாவில் நெல் அவித்து, களத்தில் கால்களால் கிண்டிவிட்டுக் காயவைத்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தயமின் தெரியாது, உண்மைதான். எந்தப் பதத்தில் இறக்கினால் அரிசி உடையாது, கெடாது, பசி தாங்கும் என்று தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கைக்குத்தல் அரிசிக்குத் திரும்புங்கள் என்று காந்தி முதல் ஊட்டச்சத்து அறிஞர்கள் வரை பலரும் உபதேசித்தார்கள். குத்தப்போகும் கை யாருடையது என்று உபதேசிகள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆலை வந்தபோது உலக்கையை மூலையில் சாத்திவிட்டுப் பெண்கள் விட்ட பெருமூச்சை எந்தச் சத்து அட்டவணையும் குறித்துக்கொள்ளவில்லை.

இதே குன்னூருக்கு 1929இல் லூசி வில்ஸ் வந்தார். இங்கிலாந்து மருத்துவர். அதற்கு முந்தைய ஆண்டே, மருத்துவர் மார்கரெட் பால்ஃபரின் தூண்டுதலில் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிகளாக இருந்த கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையில் சாவது ஏன் என்று ஆராயத் தொடங்கியிருந்தார். அந்தப் பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஏழைப் பெண்களின் உணவை எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அவர்களைக் காப்பாற்றியதைக் கண்டார். சென்னையில் திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். அவர் தேடிய பொருள் ‘வில்ஸ் காரணி’ என்று அழைக்கப்பட்டது. 1941இல் பசலைவகைக் கீரை ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இருப்பது அதுதான். கீரை ‘பாதுகாப்பு தரும் உணவு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடத்துக்குப் பின்னால் பம்பாய், சென்னைக் கர்ப்பிணிகளின் ரத்தம் இருக்கிறது. லூசி வில்ஸின் பெயரைப் பள்ளிப் பாடநூல்களில் நான் பார்த்ததில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் ஒரு நிமிடம் ஒதுங்குகிறேன். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. இடுப்பில் பிள்ளைகள் பிடுங்கித் தின்ன, அவர் மனைவி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து வந்து உப்பும் மோரும் இல்லாமல் வேகவைத்துத் தின்கிறாள். சோறு என்ற ஒன்றையே மறந்திருக்கிறாள். எந்தக் கீரையை எந்தப் பருவத்தில் கிள்ளலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘பாதுகாப்பு தரும் உணவு’ அவள் தட்டில் இருக்கிறது. இல்லாதவை மற்ற இரண்டு கட்டங்கள். அவளை உட்காரவைத்துச் சரிவிகித உணவு பற்றி என்ன பாடம் எடுப்பது?

அதற்காகப் பாட்டிகளின் அறிவெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் பச்சை முட்டையும் ஊட்டுகிறோம். அருமையான உணவு. சடங்கு முடிந்த சில வாரங்களில் அது நின்றுவிடுகிறது. பிள்ளை பெறப்போகும் இடுப்புக்கு வலுவேற்றியாயிற்று, இனி அவள் வழக்கம்போல மிச்சத்தைத் தின்னலாம். பேறுகாலத்தில் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போட்ட வீடுகளும் உண்டு. மரபும் அவளைத் தாயாகத்தான் பார்த்தது, நவீன அறிவியலும் அப்படித்தான் பார்த்தது.

மனையியல் நம் கல்லூரிகளுக்கு 1940களில் வந்தது. சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் பட்டப்படிப்பாயிற்று. செங்கத்தில் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1957இல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை ஆய்வு நிறுவனமாகவே வளர்த்தெடுத்தார். பள்ளி மதிய உணவு, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்ட குழந்தை உணவு, ஊட்டச்சத்துக் கல்வி என்று அவரும் அவர் மாணவிகளும் செய்த வேலை இல்லாமல் தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களைப் பேச முடியாது. ‘சமையல் படிப்பு’ என்று கேலி பேசியவர்கள் அந்தப் பெண்கள் உயிர்வேதியியல் படித்ததைப் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்தப் பாடத்திட்டத்துக்குள் ஒரு கணக்கு உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அளக்க ‘நுகர்வு அலகு’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் 1. அதே வகைப் பெண் 0.8. கடின உழைப்பாளி ஆண் 1.6, பெண் 1.2. உடல் அளவை வைத்துப் போட்ட கணக்கு, ஆற்றலைப் பொறுத்தவரை தவறென்று சொல்ல முடியாது. மாதவிலக்கும் பேறும் உள்ள உடலுக்கு இரும்புச்சத்து ஆணைவிட அதிகம் வேண்டும் என்பது இந்த ஒற்றை எண்ணில் தெரியாது. வேடிக்கை வேறொன்று. எந்த வேலை எந்த வகை என்று மாணவிகள் மனப்பாடம் செய்த பட்டியலில் இல்லத்தரசி ‘உட்கார்ந்த வேலை’க்காரர். தையற்காரர், ஆசிரியையோடு அவரும். ஆண்கள் பக்கத்தில் அதே வரிசையில் நிலக்கிழார் இருக்கிறார். தண்ணீர்க் குடம் சுமந்து, மாவரைத்து, துணி துவைத்து, அதையெல்லாம் உட்கார்ந்துகொண்டே செய்திருக்கிறாள் போலும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது வேறு, சோறு போடுவது வேறு. இரண்டுக்கும் இடையிலான போட்டி தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. 1920இல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. வருகை கூடியது. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு கை விரித்ததால் 1925இல் நின்றது. 1956இல் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். 1960களில் கேர் அமைப்பின் பால்பவுடரும் எண்ணெயும் வந்தன. அதே காலத்தில் கிராமத்து மாதர் சங்கங்களைக் கூட்டி, வீட்டுத் தோட்டம் போடுங்கள், கோழி வளருங்கள் என்று பயிற்சி தந்தது யுனிசெஃப் உதவி பெற்ற ஊட்டச்சத்துத் திட்டம். தோட்டம் போட நிலம், ஊற்றத் தண்ணீர் ஆகியவற்றுக்குப் பயிற்சி வகுப்பில் வழியில்லை.

1980களின் தொடக்கத்தில் இந்தப் போட்டி வெளிப்படையாகவே தெரிந்தது. 1980இல் மதுரை மாவட்டத்தில் உலக வங்கிக் கடனில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட நாள்களுக்குச் சத்து உருண்டை. தாய்க்கு அறிவுரை. எடை தேறியதும் உருண்டை நிற்கும். அறிவுரை தொடரும். ஊட்டக்குறைவுக்கு முக்கியக் காரணம் உணவில்லாமை அல்ல, தாயின் பழக்கங்கள்தான் என்பது அதன் அடிப்படை எண்ணம். கடுமையான ஊட்டக்குறைவை அந்தத் திட்டம் குறைத்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டே ஆண்டுகளில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியது. எடை பார்க்காமல், தாயிடம் கேள்வி கேட்காமல், வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. பொருளாதாரம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாக்குக்காக வீசும் சோறு என்றார்கள். பிள்ளைக்குப் பசிக்கிறது என்பதைத் தாய் மேல் குற்றம் சாட்டாமல் ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே நான் அதைப் படிக்கிறேன். பின்னர் 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாக வந்தது, 2010இல் வாரம் ஐந்து முட்டையானது. ‘வளர்ச்சி தரும் உணவு’ என்று சுவரில் இருந்த படம் தட்டில் விழுந்தது அப்போதுதான். பாடம் நடத்தி இதைச் சாதித்திருக்க முடியாது.

அந்தத் தட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஏழைகள். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அரசு வேலை தந்தது. வேலை என்று சொன்னது, அரசு ஊழியர் என்று சொல்லவில்லை. காலமுறை ஊதியமும் முறையான ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் உட்காருகிறார்கள். தாய்மை உள்ளத்தோடு செய்யும் சேவைக்குச் சம்பளம் எதற்கு என்ற பழைய நினைப்புதான் அந்தச் சம்பளச் சீட்டிலும் இருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டு வந்தார்கள். பள்ளிச் சுவரில் உணவு வகைப் படங்கள் இருக்கின்றன. யார் ஆக்கியதைத் தின்னலாம், யார் ஆக்கியதைத் தின்னக் கூடாது என்ற வகைப்பாட்டைப் பிள்ளைகள் படம் இல்லாமலே வீட்டில் கற்றுவிடுகிறார்கள்.

என் வகுப்பில் ஆசிரியப் பயிற்சிக்குப் போக நினைக்கும் பெண்கள் பலர் உண்டு. ஒரு முறை அவர்களிடம் ஒரு வாரம் வீட்டில் யார் எப்போது சாப்பிட்டார்கள் என்று மட்டும் எழுதி வரச் சொன்னேன். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. அம்மாவின் நேரத்துக்கு நேராகப் பலர் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ‘அம்மா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை, தட்டு கழுவியிருந்தது’ என்று எழுதியிருந்தாள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. லூசி வில்ஸ் வந்து போய் ஏறக்குறைய நூறு வருடம் ஆகப்போகிறது.

இப்போது பாடத்தின் குரல் ‘ஜங்க் ஃபுட்’ பக்கம் திரும்பியிருக்கிறது. டிபன் பாக்ஸில் நூடுல்ஸ் இருந்தால் டைரியில் குறிப்பு எழுதி அனுப்பும் பள்ளிகள் உண்டு. பெறுநர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வாசலில் பத்து ரூபாய் பாக்கெட்டைத் தொங்கவிட்ட நிறுவனத்துக்கு அப்படி ஒரு குறிப்பு போவதில்லை.

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட ‘நாளுக்கான தட்டு’ ஒருவருக்கு 2,000 கலோரிக் கணக்கில் 85 கிராம் பருப்பு, 300 மில்லி பால், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. இதை வைத்து ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் பாடம் நடத்தலாம். ரேஷன் கடையில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, முப்பது ரூபாய். வீட்டில் நான்கு பேர். ஆயிரத்தை முப்பதால் வகுத்து, வந்ததை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு நாளுக்கு எட்டுக் கிராம் சொச்சம். மீதி எழுபத்தாறு கிராமை நான்கு பேருக்கும் முப்பது நாளைக்கும் வெளிக்கடையில் வாங்க எவ்வளவு ஆகும், அப்பாவும் அம்மாவும் வாங்கும் கூலியில் அது எத்தனை நாள் கூலி என்பது அடுத்த கணக்கு. பள்ளியில் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. அதே வாரத்தில் அம்மாவுக்கு எத்தனை என்பதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வரலாம். அப்பாவையும் கேட்கச் சொல்லலாம்.